எம்.எட். எங்கே சேர்வது? தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எட். முடித்த கையோடு, அல்லது சில ஆண்டுகள் பள்ளியில் பாடம் எடுத்த பிறகு, அடுத்து எம்.எட். படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர முயன்றபோது இந்த விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஒன்று சொன்னார்கள், அடுத்த கல்லூரியில் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். இணையத்தில் தேடினால் இடைத்தரகர்களின் விளம்பரம்தான் முதலில் வந்து நின்றது. கடைசியில் விதிமுறைகளையும் பல்கலைக்கழக அறிவிப்புகளையும் உட்கார்ந்து படித்த பிறகுதான் தெளிவு வந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. இந்தப் பட்டம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எந்தக் காலேஜ் நல்லது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பு உங்களுக்கு எம்.எட். தேவையா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதுதான் உங்கள் இலக்கு என்றால் எம்.எட். தேவையில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் அந்தத் தேர்வுக்குப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் போதும். தேர்வின் 150 மதிப்பெண்ணில் கல்வியியலுக்கு 30 ஒதுக்கியிருக்கிறார்கள், உண்மைதான். அந்த 30 மதிப்பெண்ணுக்காக யாரும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டியதில்லை.

பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டும் என்றால் கதை வேறு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., 2014-இல் வெளியிட்ட விதிமுறைகள் இதற்கான தகுதியைச் சொல்கின்றன. கணிதம், அறிவியல், மொழி, சமூக அறிவியல் போன்ற பாடங்களின் கற்பித்தல் முறையை நடத்துகிறவருக்கு அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டம் 55 விழுக்காட்டுடன் இருக்க வேண்டும், அதோடு எம்.எட்.டிலும் 55 விழுக்காடு வேண்டும். கல்வியின் தத்துவம், உளவியல், சமூகவியல் நடத்துகிறவருக்கு இரண்டு வழி உண்டு. சமூக அறிவியல் முதுகலையோடு எம்.எட். ஒரு வழி, எம்.ஏ. கல்வியியலோடு பி.எட். இன்னொரு வழி. இரண்டிலும் அதே 55 விழுக்காடுதான். இவற்றுக்கு மேல் நெட், செட் என்ற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது பிஎச்.டி. கேட்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தளர்வு அந்தந்தப் பணி அறிவிப்பில் இருக்கும்.

பலர் சிக்குவது இங்கேதான். பி.எஸ்சி., பி.எட்., எம்.எட். என்று நேராகப் போய்விட்டு, பாடத்தில் முதுகலை இல்லாமல் நிற்கிறார்கள். எம்.எட். முடித்த பிறகு எம்.எஸ்சி.க்குத் திரும்பிப் போக வேண்டிய நிலை. விரிவுரையாளர் பணிதான் குறி என்றால் பாடத்தில் முதுகலையை முதலில் முடியுங்கள், அதிலும் 55-க்கு மேல் வாங்குங்கள். உங்கள் முதுகலை மதிப்பெண் 54-இல் நிற்கிறதா? எம்.எட். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அதைத் தேர்ச்சி மேம்பாட்டுத் தேர்வில் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று உங்கள் பழைய பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்.

2. எம்.எட்.டா, எம்.ஏ. கல்வியியலா?

இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எம்.எட். என்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களை உருவாக்கும் தொழிற்படிப்பு. என்.சி.டி.இ. அங்கீகாரம் கட்டாயம். பி.எட்.டில் குறைந்தது 50 விழுக்காடு வேண்டும். பட்டப்படிப்போடு டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) முடித்தவர்களும் இரண்டிலும் 50 விழுக்காடு இருந்தால் விண்ணப்பிக்கலாம்; நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

எம்.ஏ. கல்வியியல் அப்படியல்ல. பல இடங்களில் பி.எட். இல்லாமலேயே சேரலாம். பாடத்திட்டம் உருவாக்குதல், கல்விக் கொள்கை, தொண்டு நிறுவனப் பணி, ஆய்வு ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் இது பொருந்தும். பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவியும் தருகிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் தொலைநிலையிலேயே எம்.ஏ. கல்வியியல் படிக்கலாம். வேலையை விட முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஒன்று. யாராவது "தொலைநிலை எம்.எட்." என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2014 விதிமுறைகளில் தொலைநிலைக்கு என்று பி.எட்.டும் டி.எல்.எட்.டும்தான் இருக்கின்றன. எம்.எட். நேரில் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு.

சிறப்புக் கல்வியில் எம்.எட். என்றால் பார்க்க வேண்டியது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அனுமதி. அதற்கு உங்கள் பி.எட்.டும் சிறப்புக் கல்வியாக இருக்க வேண்டும், அல்லது பொது பி.எட்.டோடு சிறப்புக் கல்விப் பட்டயமும் இருக்க வேண்டும்.

3. அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

கல்லூரி வாசலில் பெரிதாக "என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றது" என்று எழுதியிருக்கும். எந்தப் படிப்புக்கு என்று எழுதியிருக்காது. அங்கீகாரம் படிப்புவாரியாகத் தரப்படுகிறது. பி.எட்.டுக்கு இருப்பதால் எம்.எட்.டுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எத்தனை இடங்கள் என்பதும் அதே ஆணையில் இருக்கும், எம்.எட்.டுக்கு ஒரு பிரிவு 50 பேர். 50-க்கு மேல் சேர்த்துவிட்டு, உங்களை 51-வது ஆளாக ஆக்கிவிட்டால் தேர்வு எழுதும்போதுதான் சிக்கல் வெளியே வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். என்.சி.டி.இ. இணையதளத்தில் தென்மண்டலக் குழுவின் பட்டியலைத் திறந்து, கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். பிறகு தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இணைவுபெற்ற எம்.எட். கல்லூரிகளின் பட்டியலில் அதே பெயர் நடப்புக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் சரி. ஒன்றில் மட்டும் இருந்தால் கல்லூரியிடம் அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். ஆண்டுதோறும் தர வேண்டிய செயல்திறன் அறிக்கையைத் தராத கல்லூரிகள் மீது என்.சி.டி.இ. நடவடிக்கை எடுத்திருக்கிறது. அதனால் போன வருடம் இருந்த அங்கீகாரம் இந்த வருடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள். எம்.எட். இப்போது நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டுப் படிப்பு. ஓராண்டு எம்.எட்.டை உள்ளடக்கிய வரைவு விதிமுறைகளை என்.சி.டி.இ. 2025-இல் வெளியிட்டது. நீங்கள் சேரும் ஆண்டில், சேரும் இடத்தில் எந்தப் பாடத்திட்டம் நடக்கிறது என்பதைக் கையேட்டிலேயே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். "ஒரு வருஷத்துல முடிச்சிரலாம்" என்று வாய்மொழியாகச் சொல்வது செல்லாது.

4. எங்கெல்லாம் படிக்கலாம்

அரசுக் கல்வியியல் கல்லூரிகள்தான் என் முதல் பரிந்துரை. சென்னையில் சைதாப்பேட்டை கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமும் பெண்களுக்கு லேடி வெலிங்டனும் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. இடமும் குறைவு என்பதால் பி.எட். மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகள் அடுத்து வருகின்றன. காரைக்குடி அழகப்பா, சிதம்பரம் அண்ணாமலை போன்றவை. பிஎச்.டி. வரை போக நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி: வழிகாட்டியாக இருக்கக்கூடிய பேராசிரியர்கள் அதே துறையில் இருப்பார்கள், ஆய்வு மாணவர்களோடு பழகுவீர்கள், நூலகமும் பெரிதாக இருக்கும்.

மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தை நம் ஊர்க்காரர்கள் ஏனோ அதிகம் யோசிப்பதில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) நடத்துவது, தென்மாநிலங்களுக்கானது, தமிழ்நாடும் அதில் அடக்கம். தனி நுழைவுத்தேர்வு உண்டு. வளாகத்திலேயே செயல்முறைப் பள்ளி இருப்பதால் ஆய்வுக்குப் பள்ளி தேடி அலைய வேண்டாம்.

புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு என்ற பொது நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிப்பார்கள்.

மீதி இருப்பவை உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும். நல்லவையும் இருக்கின்றன, பெயருக்கு நடப்பவையும் இருக்கின்றன. பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதை அடுத்த இரண்டு படிகளில் சொல்கிறேன்.

வெளிமாநிலத்தில் சேரும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணிக்குக் கேட்கப்படும் தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் குறிவைக்கும் பணிக்கு எம்.எட். கட்டாயத் தகுதி என்றால், ஆங்கிலவழி எம்.எட். அந்த வாய்ப்பை மூடிவிடும். பள்ளியிலிருந்து தமிழ்வழியிலேயே வந்தவர்கள் இதை எடைபோட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

5. "நீங்க வரவே வேண்டாம்" என்று சொல்லும் கல்லூரி

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். விசாரிக்கப் போனால் சில இடங்களில் முதல் கேள்வியே "ரெகுலரா வருவீங்களா, இல்ல எக்ஸாமுக்கு மட்டுமா?" என்பதுதான். வராமல் இருக்க ஒரு தொகை, ரெக்கார்டு எழுதித் தர ஒரு தொகை, டிசர்டேஷன் (ஆய்வேடு) செய்து தர ஒரு தொகை என்று பட்டியலே வைத்திருப்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் ஆசிரியருக்கு இது வரம்போலத் தெரியும்.

விதி என்ன சொல்கிறது? ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், அதில் சேர்க்கை நாட்கள் அடங்காது. வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புகளுக்கும் செய்முறைக்கும் 80 விழுக்காடு வருகை, களப்பணிக்கு 90 விழுக்காடு. இதை மீறி வாங்கிய பட்டத்தை யாராவது கேள்வி கேட்டால் கல்லூரி உங்களோடு வந்து நிற்காது. நீங்கள் எம்.எட். படித்ததாகச் சொல்லும் அதே தேதிகளில் ஒரு பள்ளியில் முழுநேரம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழும் வைத்திருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. எம்.எட். முடித்தவர் நாளைக்கு ஆசிரியர்களுக்கு ஆசிரியர். ஒரு வகுப்பில் உட்காராமல், ஒரு குழந்தை ஏன் கணக்கில் தடுமாறுகிறது என்று ஒரு பள்ளியில் போய் உட்கார்ந்து கவனிக்காமல், ஓர் ஆய்வுக் கருவியைத் தானே தயாரித்துப் பார்க்காமல் அவர் பி.எட். மாணவர்களுக்கு என்ன சொல்லித் தருவார்? கட்டிய பணம் போகட்டும், அந்த இரண்டு ஆண்டு திரும்பி வராது.

அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள் முதலில் துறை அனுமதியையும் விடுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன் என்பது போதாது, ஆணை கையில் இருக்க வேண்டும். விடுப்பு கிடைக்காது என்றால் இரண்டாவது படியில் சொன்ன எம்.ஏ. கல்வியியல் பக்கம் போங்கள்.

6. நேரில் போய்ப் பாருங்கள்

வேலை நாளில் போங்கள், சொல்லாமல் போங்கள். எம்.எட். வகுப்பு எது என்று கேட்டு அந்த அறைக்கு நடந்துபோய்ப் பாருங்கள். வகுப்பு நடக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

50 மாணவர்களுக்கு இரண்டு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர் என்று பத்துப் பேர் இருக்க வேண்டும் என்பது விதி. இணையதளத்தில் இருக்கும் பட்டியலை எடுத்துக்கொண்டு, அங்கே படிக்கும் மாணவர்களிடம் "இதில் யார் யார் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். டீக்கடையில் நின்று பேசினால் உண்மையைச் சொல்வார்கள். பாதிப் பெயர்களை அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பட்டியல் கல்லூரியைச் சோதிக்கும் குழு வரும் நாளுக்கானது.

அப்புறம் டிசர்டேஷன் கைடு. எம்.எட்.டின் உயிரே அந்த ஆய்வேடுதான். ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், எந்தப் பருவத்தில் கைடு ஒதுக்குகிறார்கள், தலைப்பை நாம் தேர்ந்தெடுக்கலாமா, தமிழில் எழுதலாமா என்று கேளுங்கள். கைடின் பெயர் தெரிந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அவருடைய பிஎச்.டி. ஆய்வேட்டைத் தேடிப் பாருங்கள். அவருக்கு எதில் ஆழம் என்று தெரிந்துவிடும். நூலகத்தில் போன ஆண்டு எம்.எட். ஆய்வேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். நாலைந்தைப் புரட்டினாலே போதும். தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அங்கே ஆய்வு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வீர்கள்.

7. சான்றிதழ்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள். இளங்கலை, முதுகலை, பி.எட். மூன்றுக்கும் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றிதழும். பட்டம் வரவில்லை என்றால் புரொவிஷனல். கடைசியாகப் படித்த இடத்தின் டி.சி., நன்னடத்தைச் சான்று. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள். வேலையில் இருப்பவர்களுக்குத் துறை அனுமதி.

பல்கலைக்கழகம் மாறிச் சேர்ந்தால் மைக்ரேஷன் சான்றிதழ் வேண்டும். பி.எட். படித்த பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து வாங்க நாளாகும். சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேறு மாநிலத்தில் பி.எட். படித்தவர்களிடம் தகுதிச் சான்றும், அந்தக் கல்லூரி என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றது என்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள்.

எல்லாச் சான்றிதழிலும் பெயரையும் இனிஷியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, திருமணத்துக்குப் பிறகு எடுத்த அட்டையில் கணவர் பெயர். நம் ஊரில் இது சர்வசாதாரணம், மத்தியப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இது பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே எங்கும் எழுதுங்கள், ஆதாரை அதற்கு ஏற்ப முன்கூட்டியே திருத்துங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டில் இ-சேவை மையத்தில் புதிதாக எடுங்கள்.

8. செலவு

சுயநிதிக் கல்லூரியில் சொல்லும் முதல் தொகையை முழுத்தொகை என்று நினைக்காதீர்கள். கற்பிப்புக் கட்டணம் தனி. பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வுக் கட்டணம், நூலகம், களப்பணிப் பயணம், சுற்றுலா, சீருடை என்று வரிசையாக வரும். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பிரதிகள் எடுத்து, பைண்டிங் போட்டு, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) கொடுப்பது கடைசிப் பருவத்தில் கையைக் கடிக்கும். "இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, எல்லாம் உட்பட எவ்வளவு?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடைக்காது. "எந்தக் கோட்டான்னா என்ன, ஸ்காலர்ஷிப் வந்துரும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பிறகு முழுக் கட்டணத்தையும் கேட்பார்கள். சேர்க்கை ஆணையில் எந்த ஒதுக்கீடு என்று அச்சில் இருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

9. எப்போது எதைச் செய்வது

க்யூட் முதுகலைத் தேர்வுக்குப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் திறந்துவிடும், தேர்வு மார்ச் வாக்கில். பி.எட். கடைசி ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் நம்மூர்க் கல்லூரிகள் அந்த நேரத்தில் எம்.எட். பற்றிப் பேசவே ஆரம்பித்திருக்காது. கோடையில் மைசூரு அறிவிப்பையும் அரசுப் பல்கலைக்கழகத் துறைகளின் அறிவிப்பையும் வாரம் ஒருமுறை பாருங்கள். அரசுக் கல்வியியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் பொதுவாக இவை எல்லாவற்றுக்கும் பிறகு, பி.எட். முடிவுகள் வந்த பின்னால் வரும்.

இந்த இடைவெளியில்தான் சுயநிதிக் கல்லூரிகள் "இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்று அழுத்தம் கொடுப்பார்கள். அரசுக் கல்லூரி முடிவு வரும் வரை பொறுங்கள்.

10. சேரும் நாளிலும் அதன் பிறகும்

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அறிவிப்பில் சொல்லியிருக்கிறது. "பழக்கம் இதுதான்" என்று வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அறிவிப்பின் அச்சுப் பிரதியைக் கையில் கொண்டு போங்கள். டி.சி.யை மட்டும் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் அதன் ஜெராக்ஸ் ஐந்தாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு நல்ல இடம் கிடைத்து விலக நேர்ந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணம். இதில் மட்டும் 5 விழுக்காடு வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, பிறகு எதுவும் இல்லை. அதனால் நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் அறிவித்த கடைசி நாள் எது என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள், விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள். கல்லூரி இழுத்தடித்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம். ரசீது, சேர்க்கை ஆணை, விலகல் மின்னஞ்சல் மூன்றையும் அதில் இணையுங்கள்.